டேங்க் ரோட்டில் கும்பிட்டுவிட்டு மலை ஏறலாம்

போன இதழில் சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் பூங்கா பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஊருக்கு நடுவே, ஆற்றைப் பார்த்த மாதிரி நிற்கிற பழைய குன்று, நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் மட்டும் அங்கே ஏறுவதேயில்லை என்று. அந்தக் கடைசி வரி பலருக்குச் சுருக்கென்று பட்டிருக்கிறது, கடிதங்களைப் பார்த்தாலே தெரிகிறது. சிலர் கோபித்திருக்கிறார்கள், சிலர் வழி கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அடுத்த மாதம் பத்து நாள் போய் இருக்கப் போகிறேன். கோயிலுக்குப் போக ஆசை, பூங்காவெல்லாம் எனக்கு எதற்கு? முழங்கால் வேறு தகராறு. இதற்காக ஒரு நாளைச் செலவழிக்கலாமா, உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகி, தேவகோட்டை

ஆச்சி, ஒரு நாள் வேண்டாம், ஒரு காலைப்பொழுது போதும். கோயிலுக்கு எப்படியும் போகத்தானே போகிறீர்கள்? டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள், பக்கத்தில் பச்சையாக எழும்பி நிற்பதுதான் அந்த மலை. மலை என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன், உயரம் 50 மீட்டர்கூட வராது. திருமயம் கோட்டைப் பாறையில் ஒரு தடவை ஏறி இறங்கியவர்களுக்கு இது வீட்டுப்படி ஏறுகிற மாதிரி. முழங்காலைப் பற்றிப் பயப்பட வேண்டாம், நகரும் படிக்கட்டு வைத்த வழியும் இருக்கிறது, அந்த வழியாகக் கூட்டிப்போகச் சொல்லி மகனிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் படமெடுக்க அழகாக இருக்கிறது என்று சுருள் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கோயில் வேறு பூங்கா வேறு என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் மாறுபடுகிறேன். 1859இல் நகரத்தார்கள் அந்தக் கோயிலைக் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்த மலையிலிருந்துதான். குளக்கரையில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு வேல், குளத்தில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு வேலைக் கும்பிடுவது என்று ஆரம்பித்ததுதான் இன்றைக்குக் கோபுரமும் வெள்ளி ரதமுமாக நிற்கிறது. டேங்க் ரோட்டின் பெயரிலேயே குளம் இருக்கிறது, நாம்தான் அது ஏதோ தண்ணீர்த்தொட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஆறில்லாத ஊரிலிருந்து கப்பலேறிப் போனவன், போன இடத்தில் முதலில் ஓர் ஊருணிக்கரையைப் பிடித்துச் சாமியை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன், அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சரி, வழி. ஃபோர்ட் கேனிங் என்றே ஒரு ரயில் நிலையம் 2017 முதல் இருக்கிறது, அங்கே இறங்கினால் கோயிலும் மலையும் இரண்டும் நடை தூரம். காலை ஏழு, ஏழரைக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது, மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. குடை கட்டாயம். வழுக்காத செருப்பு. பட்டுச்சேலையைக் கோயிலோடு நிறுத்திக்கொள்ளாமல் மலைக்கும் கட்டிக்கொண்டு போய், ஈரமண் ஓரமெல்லாம் அப்பித் திரும்பிய ஓர் ஆச்சியை எனக்குத் தெரியும், என் சொந்த ஆச்சிதான்.

எங்கள் ஐயா, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் இருந்தவர். மலைமேல் ஒரு பந்து விழும், அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரி செய்வோம், கொடியைப் பார்த்துக் கப்பல் வந்ததைத் தெரிந்துகொள்வோம் என்று சொல்வார்கள். சின்ன வயதில் கேட்டது, கதையோ என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதியது அந்த மலையா? இப்போது அங்கே என்ன மிச்சம்?
— வாசகர், கானாடுகாத்தான்

அதே மலைதான், அண்ணன். உங்கள் ஐயா கதை விடவில்லை. மலைமேல் கொடிமரம் இருந்தது, எந்தக் கப்பல் வருகிறது என்று அதில் ஏறும் கொடிகளைப் பார்த்தே கீழே கடைக்காரர்கள் கண்டுகொள்வார்கள். நேரப்பந்தும் இருந்தது, தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் கம்பத்தின் மேலிருந்து கீழே இறங்கும், ஊரும் துறைமுகமும் அதை வைத்து நேரம் திருத்திக்கொள்ளும். 1903இல் கலங்கரை விளக்கமும் வந்து சேர்ந்தது, 1958இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நீங்கள் பார்க்கப்போகிற கொடிமரம், பந்து, கலங்கரை விளக்கம் எல்லாமே பழையதைப் போலச் செய்து வைத்தவை. அசல் இல்லை என்று தெரிந்தும் எனக்கு அந்தப் பந்தின் கீழே கொஞ்ச நேரம் நிற்கத்தான் தோன்றியது, ஏனென்றால் என் ஐயாவும் கடையில் கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகப் போய், மூன்று கணக்கு, அதாவது மூன்று தவணை வேலை முடித்து, முதலாளியின் முகவருக்கு அடுத்த இடமான அடுத்தாளாகத் திரும்பினவர், அவர் கைக்கடிகாரம் இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஓடாமல் கிடக்கிறது.

மலையின் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். மலாய்க்காரர்கள் அதை புக்கிட் லாராங்கான் என்றார்கள், விலக்கப்பட்ட மலை. பழைய ராஜாக்கள் மேலே இருந்தார்கள், சாதாரண ஜனம் ஏறக்கூடாது. 1819இல் வெள்ளைக்காரர்கள் வந்தபோதும் உள்ளூர்க்காரர்கள் மேலே போகப் பயந்தார்கள் என்பார்கள். அங்கே வெள்ளைக்காரர் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1822, 1823 வாக்கில் மேலே மரத்தாலும் ஓலையாலும் ஒரு வீடு கட்டிக்கொண்டு, பக்கத்தில் கிராம்பும் ஜாதிக்காயும் வைத்து ஒரு தோட்டமும் போட்டார். கீழே ஆறு, ஆற்றைத் தாண்டி வியாபாரம், அதற்கப்பால் கடல், மூன்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் வேறு எங்கே போய்க் கட்டுவது! 1859இல் அந்த வீட்டை எடுத்துவிட்டுக் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள், 1861இல் முடிந்தது, அப்போதைய இந்திய வைஸ்ராய் கேனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். நம் கோயிலும் அதே 1859 என்பதைக் கவனியுங்கள். மலைமேல் பீரங்கிக்கு மண் அணைத்த அதே வருஷம், மலையடியில் வேலுக்குச் சுவர் எழும்பியிருக்கிறது.

கோட்டை பேருக்குத்தான் கோட்டை. மேலே இருந்து கப்பலைச் சுட்டால் குண்டு நடுவில் இருக்கிற சொந்த ஊர்மேலேயே விழும் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்திருக்கிறார்கள். 1907இல் இடித்துவிட்டார்கள். மிச்சம், கனத்த கதவோடு ஒரு கோட்டைவாசலும் துண்டுச் சுவரும். அதைத் தொட்டுப் பாருங்கள், அது அசல்.

மிச்சமிருப்பதில் எனக்குப் பெரியதாகப் பட்டது பூமிக்கு அடியில் இருக்கிறது. பேட்டில்பாக்ஸ் என்று பெயர், ஒன்பது மீட்டர் ஆழத்தில் அறை அறையாகத் தோண்டிய போர்க்காலத் தலைமையிடம். 1942 பிப்ரவரி 15 காலை பிரிட்டிஷ் தளபதி பர்சிவல் மற்ற அதிகாரிகளோடு அங்கே உட்கார்ந்துதான் ஜப்பான்காரனிடம் சரணடைவது என்று முடிவெடுத்தார். நம்ம பக்கத்தில் எத்தனை வீட்டில் ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷம் கடிதமே வராமல் இருந்தது! வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாக ஆக்கின கதை உங்கள் வீட்டிலும் இருக்கும், எங்கள் வீட்டில் பிள்ளைகள் அந்த நோட்டை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினோம். தாழ்வாரத்தில் உட்கார்ந்து நாங்கள் கிழித்த நோட்டுக்கு வழிவிட்ட முடிவை எந்த அறையில் எடுத்தார்கள் என்று கண்ணால் பார்க்கும்போது, என்னவோ ஒரு மாதிரி இருந்தது. உள்ளே போவதானால் நேரம், ஏற்பாடு எல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம் அந்த ஆறு. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திட்டிக் கடிதம் போடுவீர்கள். உங்கள் ஐயா பார்த்த மாதிரி இப்போது மேலே நின்று ஆற்றை அகலமாகப் பார்க்க முடியாது. மரங்கள் வானத்தை மூடி நிற்கின்றன, அதைத் தாண்டினால் கட்டடங்கள். இலை இடுக்கில் ஒரு துண்டு மின்னினால் அதிர்ஷ்டம். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் கிளார்க் கீ பக்கம் இறங்கிக் கரையோரமாக நடந்து, பாலம் ஏறி அக்கரை போய், போட் கீ வழியாக மார்க்கெட் ஸ்ட்ரீட் போங்கள், மெதுவாக நடந்தாலும் அரைமணிதான். ஒரு காலத்தில் தொங்கான் என்கிற சரக்குப் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரையில் நின்றால் தண்ணீரே தெரியாதாம், மூட்டை தூக்குகிறவர்கள் ஒற்றைப் பலகையில் ஓட்டமும் நடையுமாகப் போவார்களாம். இப்போது கரை முழுக்கச் சாப்பாட்டுக்கடை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் 1970களின் கடைசியோடு போய்விட்டன, அங்கே நீங்கள் பார்ப்பது கண்ணாடிக் கட்டடங்கள். பெயர்ப்பலகையைப் படமெடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்தேன், அதற்குக் கீழே ஒருவர் செல்பேசியில் வட்டி விகிதம் பேசிக்கொண்டிருந்தார், சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

அந்த மலையில் ராஜேந்திர சோழன் கொடி நட்டான், கல்வெட்டுகூட இருந்தது, வெள்ளைக்காரன் உடைத்துவிட்டான் என்று ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. கல்லூரிக் கட்டுரையில் எழுதலாமா?
— மாணவி, காரைக்குடி

எழுதாதே ஆத்தா, மதிப்பெண் போய்விடும்.

மூன்று தனித்தனி விஷயங்களை ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். ராஜேந்திரனின் படை 1025 வாக்கில் கடாரம், ஸ்ரீவிஜயம் வரை போனது வரலாறு, அதற்கு அவன் மெய்க்கீர்த்தியே சாட்சி. ஆனால் இந்த மலைக்கும் அவனுக்கும் முடிச்சுப்போட ஆதாரம் எதுவும் கிடையாது. கல் ஒன்று இருந்தது நிஜம். அது மலையில் இல்லை, சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. 1843இல் வெடிவைத்து உடைத்தார்கள், அதுவும் நிஜம். மிஞ்சிய ஒரு துண்டு மலையடிவாரத்தில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இதுவரை ஒருவரும் படித்து முடிக்கவில்லை, ஆளுக்கொரு கருத்து. படிக்கவே முடியாத கல்லில் நம் பேர்தான் இருக்கிறது என்று எழுதினால் எப்படி?

மலையைப் பற்றி எழுத உண்மையான சரக்கே நிறைய இருக்கிறது. 1928இல் மேலே நீர்த்தேக்கத்துக்கு மண் வெட்டின ஆட்கள் கையில் தங்க நகைகள் கிடைத்தன, கையில் அணிகிற ஒரு காப்பும் மோதிர, காதணி வகைகளும். காப்பில் ஜாவாப் பாணியில் ஒரு பூதமுகம், நம் கோயில் மகரதோரணத்து உச்சியில் கண்ணை உருட்டிக்கொண்டிருக்கிறதே யாளிமுகம், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். 14ஆம் நூற்றாண்டுச் சாமான். 1984இல் முறையாகத் தோண்ட ஆரம்பித்தபோது அந்தக் காலத்துச் சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் வந்தன. ராஃபிள்ஸ் வருவதற்கு ஐந்நூறு வருஷம் முன்னாலேயே மேலே ராஜாவும் கைவினைக்காரர்களும் இருந்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது. மலாய் மரபில் இஸ்கந்தர் ஷா என்ற அரசரின் சமாதி என்று ஓர் இடத்தையும் மலையில் கும்பிடுகிறார்கள், சத்தம் போடாமல் போய்ப் பார்க்கலாம். சிங்கபுரம் என்ற பெயரில் சமஸ்கிருதம் இருக்கிறது, அடிவாரத்து டோபி காட் நிலையத்தின் பெயரில் இந்தியாவிலிருந்து போன சலவைத் தொழிலாளர்களின் துறை இருக்கிறது, அதில் சென்னைப் பக்கத்து ஆட்களும் உண்டு. ராஜாவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? துணி வெளுத்தவரைப் பற்றி எழுதேன்.

தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு போகிறோம். அன்றைக்கே மலையையும் பார்த்துவிடலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

பார்க்கலாம், ஆனால் பார்க்க மாட்டீர்கள். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து காவடி வந்துகொண்டே இருக்கும், அதை விட்டுவிட்டு யார் மரம் பார்க்கப் போவார்? முதல்நாள் செட்டிப்பூசம், வெள்ளி ரதம் கியோங் சைக் ரோடு விநாயகர் கோயிலுக்குப் போய் வரும், அன்று காலை கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கூட்டத்தில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றினால் மலையில் நிழல் இருக்கிறது என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

மலைமேல் மசாலாத் தோட்டம் இருக்கிறதாமே? இரண்டு செடி கொண்டுவர முடியுமா?
— வாசகி, கண்டனூர்

கேட்பீர்கள் என்று தெரியும். இலையைக் கிள்ளவே கூடாது, செடிக்கு எங்கே போவது! அபராதம் போடுகிற ஊர் அது. முகர்ந்து பார்க்கலாம், படமெடுக்கலாம். ராஃபிள்ஸ் போட்ட தோட்டத்தின் நினைவாக ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி வகை, கறிவேப்பிலை எல்லாம் வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலைக்குப் பெயர்ப்பலகை வைத்துச் சிங்காரித்திருப்பதைப் பார்த்து என் அயித்தை, "இது நம்ம கொல்லையில கேக்க நாதியில்லாம நிக்குதே" என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், அந்தக் காலத்தில் ஜாதிக்காயில் பணம் கொட்டும் என்று சிங்கப்பூர் முழுக்க வெள்ளைக்காரர்கள் தோப்புப் போட்டார்கள். 1850களின் கடைசியில் நோய் விழுந்து தோப்புத் தோப்பாகப் பட்டுப்போனது, நிலத்தை வந்த விலைக்குத் தள்ளினார்கள். ஒரே பயிரில் எல்லாவற்றையும் போட்டால் என்ன ஆகும் என்று கீழே கிட்டங்கியில் கேட்டிருந்தால் இலவசமாகவே சொல்லியிருப்பார்கள்.

அவ்வளவு சின்ன ஊரில் ஆற்றங்கரையையும் மலையையும் இப்படி வைத்திருக்கிறார்கள். நம் ஊருணிக் கரைகளையும் சுற்றிக் கல் பதித்து, விளக்குப் போட்டு, பூங்காவாக்கினால் என்ன? எங்கள் ஊரில் இதற்காகப் பணம் திரட்டப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
— வாசகர், புதுவயல்

திரட்டுங்கள், ஆனால் கல்லுக்குக் கொடுப்பதற்கு முன், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்குக் கொடுங்கள்.

சிங்கப்பூர் ஆறு அழகாகப் பிறந்ததில்லை. மூன்று கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள சின்ன ஆறு, 1970களில் அதன் பக்கத்தில் மூக்கைப் பிடிக்காமல் நிற்க முடியாது. 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருஷத்தில் சுத்தப்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தார், 1987இல் முடித்தார்கள். அந்தப் பத்து வருஷத்தில் செய்த வேலையில் கரையில் விளக்குப் போட்டது கடைசி. முதலில் ஆற்றுக்குத் தண்ணீர் வரும் வழியெல்லாம் போய்ப் பன்றிப்பண்ணை, வாத்துப்பண்ணை, கழிவுநீர் இணைப்பில்லாத குடிசை, தெருக்கடை என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு, தெருக்கடைக்காரர்களுக்குக் கூரை போட்ட உணவங்காடி. 1983இல் தொங்கான்களை மொத்தமாகப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிவிட்டார்கள், தலைமுறையாக ஆற்றில் பிழைத்தவர்களுக்கு அது லேசான விஷயமில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பூங்காவும் அப்படித்தான், 1981இல்தான் அந்த மலைக்கு ஃபோர்ட் கேனிங் பூங்கா என்று பெயர் வைத்துப் பிரதமர் கையால் ஒரு பழமரக்கன்று நட்டார்கள். அந்த மலையிலேயே பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் ஒன்று புல்வெளியாகி, கல்வெட்டுகளை மட்டும் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள், சாயங்காலம் அங்கே பாட்டுக் கச்சேரி நடக்கிறது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

நம் கதைக்கு வாருங்கள். மணிமுத்தாறும் தேனாறும் மழைக்கு மட்டும் ஆறு. அதனால்தான் முன்னோர் தெருவை வாட்டம் பார்த்துப் போட்டு, கூரைத் தண்ணீரை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தை வாய்க்கால் வழியாக ஊருணிக்கு அனுப்பினார்கள். குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. ஊருணி என்றாலே ஊர் உண்ணுகிற நீர். எங்கள் பக்கத்தில் ஓர் ஊருணியைச் சில வருஷம் முன்னால் நன்கொடை வாங்கிப் பூங்காவாக்கினார்கள், பெயர் வேண்டாம். சுற்றிலும் ஓடுகல், நாற்காலி, நீரூற்றுக்குக் குழாய்கூட. வரத்துக்கால் மட்டும் நடைபாதைக்குக் கீழே போய் அடைபட்டுவிட்டது. இப்போது மழை பெய்தால் தண்ணீர் தெருவில் நிற்கிறது, ஊருணியில் லாரித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நானும் அந்த நன்கொடைக்கு ஐயாயிரம் கொடுத்தவன், அதனால் வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

ஆகவே, மழை பெய்கிற நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் ஊருணிக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே மறிக்கிறது, நிறைந்தால் கலிங்கு வழியாக எங்கே போகிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, பிறகு மதிப்பீடு போடச் சொல்லுங்கள். கரையில் இருக்கிற மரத்தை வெட்டிவிட்டுக் குடை மாதிரி சிமெண்டுக் கூரை போடலாம் என்று யாராவது சொன்னால் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மலைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?
— வாசகி, கோட்டையூர்

போகலாம். புளியோதரை, தயிர்சாதம் இரண்டும் தாங்கும். இலையையும் காகிதத்தையும் தொட்டியில் போடுங்கள். கறிக்குழம்பு வேண்டாம், கோயிலுக்கும் போகிற பயணம்.